இறங்கின அன்னைக்கே கார் எடுக்காதீங்க: ஒரு ஃப்ளைட், ஒரு டிரைவ், கொஞ்சம் கணக்கு

போன வருஷம் மே மாசம் அக்காவோட எம்.எஸ். பட்டமளிப்பு விழாவுக்காகக் குடும்பத்தோட அமெரிக்கா போனோம். டிக்கெட், ஹோட்டல், வாடகைக் கார் எல்லாத்தையும் புக் பண்ணினது நான்தான். விழாவுக்கு முன்னாடி நாலு நாள் கையில இருந்துச்சு. கலிஃபோர்னியா கடலோர ரோட்டுல ஒரு சின்ன டிரைவ் போயிட்டு வரலாம்னு பிளான். மதியம் 1 மணிக்கு சான் ஃபிரான்சிஸ்கோவுல இறங்குறோம், 3:30-க்கு ஏர்போர்ட்லயே கார் எடுக்குறோம், ராத்திரி சாப்பாட்டுக்கு மான்டரே போய்ச் சேர்றோம். எக்செல் ஷீட்ல பார்க்க ரொம்ப அழகா இருந்துச்சு.

சாயங்காலம் 5 மணி தாண்டியிருக்கும். கில்ராய்ங்கிற ஊருக்குப் பக்கத்துல, 101-ஆம் நம்பர் ஹைவேல, கார் மெதுவா வலது பக்கம் ஒதுங்க ஆரம்பிச்சுது. நான் பின்சீட்ல அரைத்தூக்கம். திடீர்னு வண்டிக்கு அடியில டர்ர்ர்னு ஒரு சத்தம். தூங்கி ஓரம் போற வண்டியை எழுப்புறதுக்காகவே ரோட்டோரத்துல வெட்டி வச்சிருக்கிற ரம்பிள் ஸ்ட்ரிப் அது. "ஏங்க! வண்டி எங்க போகுது பாருங்க!"னு அம்மா கத்தினாங்க. அப்பா சட்டுனு ஸ்டியரிங்கை நேராக்கினார்.

"தூங்கிட்டீங்களா?"ன்னு அம்மா கேட்டாங்க.

"தூங்கலயே. வெயில் கண்ணுல அடிச்சுது."

அப்பா பொய் சொல்லலை. தூங்கினது அவருக்கே தெரியலை. 25 வருஷமா கார் ஓட்டுறவர், திருச்சி–சென்னை ரோட்டை ராத்திரியிலயே எத்தனையோ தடவை ஓட்டினவர். தப்பு அவர் டிரைவிங்ல இல்ல, நான் போட்ட பிளான்ல. அது எங்க தப்பாச்சு, எப்படித் திருத்தணும்னு பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டுலயும் இந்த மாதிரி பயணத்துக்கு புக்கிங் பட்டனை அழுத்தப் போறது அநேகமா நீங்கதான்.

உடம்புல ஓடுற ரெண்டு கணக்கு

நமக்கு எப்போ தூக்கம் வரும்ங்கிறதை ரெண்டு விஷயம் சேர்ந்து முடிவு பண்ணுது. இதை ஒரு மாடலா 1982-ல முன்வச்சவர் அலெக்சாண்டர் போர்பெலி.

முதலாவது, தூக்கக் கடன். முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில அடினோசின்ங்கிற பொருள் சேர்ந்துக்கிட்டே போகும். அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். தூங்கினாதான் குறையும். காஃபி இந்தக் கடனை அடைக்காது. அடினோசின் போய் ஒட்டுற இடத்தை காஃபைன் கொஞ்ச நேரம் மறைச்சு வைக்கும், அவ்வளவுதான். காஃபைன் இறங்கினதும் கடன் அப்படியே நிக்கும்.

ரெண்டாவது, உடம்புக் கடிகாரம். மூளையில ஹைப்போதலாமஸ் பகுதியில இருக்கிற ஒரு சின்ன நரம்புக் கூட்டம் கிட்டத்தட்ட 24 மணி நேரச் சுழற்சியில ஓடிக்கிட்டே இருக்கு. நீங்க தூங்கினாலும் தூங்காட்டியும் அது நிக்காது. வழக்கமா ராத்திரி தூங்குற ஆளுக்கு விடியக்காலை 4, 5 மணி வாக்குல உடம்புச் சூடு ரொம்பக் குறைஞ்சிருக்கும், கவனமும் அடிமட்டத்துல இருக்கும். நைட் பஸ் டிரைவர்களைக் கேட்டுப் பாருங்க, விடியறதுக்கு முன்னாடி இருக்கிற அந்த ரெண்டு மணி நேரம்தான் கஷ்டம்னு சொல்வாங்க.

வாட்சை ஒரு செகண்ட்ல மாத்திடலாம். உடம்புக் கடிகாரத்தை அப்படி மாத்த முடியாது. தோராயமா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், சில சமயம் அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் அது நகரும்.

இப்போ எண்களைப் போடுவோம்

இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5:30 மணி நேரம் முன்னாடி. கோடையில கலிஃபோர்னியா 7 மணி நேரம் பின்னாடி. ஆக வித்தியாசம் 12:30 மணி நேரம். கிட்டத்தட்ட பகல் அப்படியே ராத்திரி.

எங்க ஃப்ளைட் சென்னையில விடியக்காலை 1:30-க்குக் கிளம்புச்சு. நடுவுல ஒரு இடத்துல மாறி, மொத்தம் 24 மணி நேரம் கழிச்சு மதியம் 1 மணிக்கு இறங்குச்சு. அப்போ சென்னையில அடுத்த நாள் விடியக்காலை 1:30. இமிக்ரேஷன், பெட்டி, ஏர்போர்ட் ரயில் பிடிச்சு வாடகைக் கார் கட்டடம், அங்க ஒரு வரிசை. சாவி கைக்கு வரும்போது மணி 3:30.

அப்பாவோட உடம்புக் கடிகாரத்துல அப்போ விடியக்காலை 4 மணி.

வெளியே பளிச்னு வெயில். மே மாசம் அங்க சூரியன் மறையவே 8 மணி ஆயிடும். கண்ணு பகல்ங்குது, மூளை நடுராத்திரிங்குது. கில்ராய் பக்கத்துல சத்தம் கேட்டப்போ உடம்புக்கு மணி 5:45. ரெண்டாவது கணக்கு அடிமட்டத்துல இருக்கு.

முதல் கணக்கைப் பாருங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் அப்பா காலை 7 மணிக்கு எழுந்தார். கார் சாவி வாங்கின நேரத்துக்கு 45 மணி நேரம் ஆகியிருந்துச்சு. அதுல ஃப்ளைட் சீட்ல உட்கார்ந்தபடி துண்டுதுண்டாத் தூங்கினது ஒரு 5 மணி நேரம் இருக்கும். ரெண்டு கணக்கும் ஒரே நேரத்துல மோசமா இருக்கிற இடத்தைத் தேடிப் பிடிச்சு, அங்க போய் டிரைவிங்கை வச்சிருக்கேன் நான்.

இது எவ்வளவு மோசம்? 1997-ல டாசன், ரீட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழ்ல வெளியிட்ட சோதனை முடிவு பிரபலமானது. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா கை, கண் ஒத்துழைப்பு ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற ஆள் அளவுக்குக் குறையுது. 24 மணி நேரம் முழிச்சிருந்தா அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம்ம ஊர்ல டிரிங்க் அண்ட் டிரைவ் வரம்பு 0.03. கலிஃபோர்னியாவுல 0.08. ஒரு சொட்டு குடிக்காமலே ரெண்டு வரம்பையும் தாண்டலாம், எந்த போலீஸ் மெஷினும் பிடிக்காது.

இன்னொரு சின்னக் கணக்கு. ஹைவே வேக வரம்பு 65 மைல், அதாவது மணிக்கு சுமார் 105 கி.மீ. ஒரு செகண்டுக்கு 29 மீட்டர். மைக்ரோஸ்லீப்னு சொல்ற குட்டித் தூக்கம் 4 செகண்ட் வந்தா 116 மீட்டர். கிட்டத்தட்ட ஆறு கிரிக்கெட் பிட்ச் நீளத்துக்கு வண்டியை யாருமே ஓட்டலை.

சென்சாரே சரியில்லைன்னா?

"தூக்கம் வந்தா நிறுத்திடுவேன்"னு எல்லாரும் சொல்வாங்க. அப்பாவும் சொன்னார். இதுல ஒரு சிக்கல் இருக்கு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்ச நமக்கு இது சுலபமாப் புரியும். ஃபீட்பேக் வேலை செய்யணும்னா சென்சார் சரியா இருக்கணும். இங்க தூக்கத்தை அளக்கிற சென்சாரும் மூளை, தூங்கப் போறதும் அதே மூளை. பிளான்ட் பழுதாகும்போது சென்சாரும் சேர்ந்து பழுதாகுது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 2003-ல வெளியான ஆய்வு ஒண்ணு இதைக் காட்டுச்சு. ரெண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டும் தூங்கினவங்களோட கவனம் நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே போச்சு. ஆனா அவங்க "கொஞ்சம்தான் தூக்கமா இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. செமஸ்டர் நேரத்துல நைட் அவுட் அடிச்சிட்டு "எனக்குப் பழகிடுச்சுடா"ன்னு சொல்றோமே, அதே கதைதான்.

ஜன்னலைத் திறந்து காத்து வாங்குறது, பாட்டைச் சத்தமா வைக்கிறது எல்லாம்? பிரிட்டன்ல லஃப்பரோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஹார்னும் ரெய்னரும் டிரைவிங் சிமுலேட்டர்ல சோதிச்சுப் பார்த்துட்டாங்க. பலன் கொஞ்ச நேரம்தான். ஓரளவு பலன் கொடுத்தது காஃபி குடிச்சிட்டு உடனே 15 நிமிஷம் கண்ணை மூடுறது. காஃபைன் வேலை செய்ய அரைமணி நேரம் வரைக்கும் ஆகும், அது ஏறுறதுக்குள்ள குட்டித் தூக்கமும் கிடைச்சிடும். ஆனா இது பக்கத்து ஊர் ஹோட்டல் வரைக்கும் போய்ச் சேர உதவும். அதை நம்பி ஒரு நாள் பிளான் போடக் கூடாது.

அதனால நான் கத்துக்கிட்ட முக்கியமான பாடம் இதுதான்: ஓட்டலாமா வேணாமாங்கிற முடிவை இறங்கினதுக்கு அப்புறம் எடுக்கவே கூடாது. நல்லாத் தூங்கி எழுந்த மூளை, வீட்டுல உட்கார்ந்து, புக்கிங்லயே எடுத்து முடிச்சிடணும். கார் புக்கிங் மறுநாள் காலைக்குன்னு இருந்தா, இறங்கின அன்னைக்கு "நான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்ல கையில சாவியே இருக்காது.

பழக்கம் ஓட்டுற கார்

அமெரிக்காவுல வண்டி ரோட்டோட வலது பக்கம் போகணும், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். தெளிவா இருக்கும்போது இது ஒரு மணி நேரத்துல ஓரளவு பிடிபடும். மூளை களைச்சா யோசிக்கிறது நிக்கும், பழக்கம் ஓட்ட ஆரம்பிக்கும். பழக்கமோ இடது பக்கம். டிராஃபிக் இருந்தா முன்னாடி போற வண்டியைப் பார்த்துத் திருத்திக்கலாம். பார்க்கிங்ல இருந்து வெளியே வரும்போது, பெட்ரோல் போட்டுட்டுக் கிளம்பும்போது, ரோடு காலியா இருக்கும்போதுதான் ஆபத்து.

ஒரு விதி மனசுல வச்சுக்கோங்க. எந்த நாடா இருந்தாலும் டிரைவர் உட்கார்ற பக்கம் ரோட்டோட நடுக்கோட்டுப் பக்கம் இருக்கணும். சென்னையிலயும் அப்படித்தான், சான் ஃபிரான்சிஸ்கோவுலயும் அப்படித்தான். நம்ம தோள் ரோட்டோரத்துப் பக்கம் இருந்தா ஏதோ தப்பு.

மத்தபடி தெரிஞ்சுக்க வேண்டியவை:

இண்டிகேட்டர் இடது கைப்பக்கம் இருக்கும். முதல் நாள் திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஆடும். பரவாயில்லை, சிரிச்சுக்கலாம்.

நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு இருக்கிற சந்திப்புல, முதல்ல வந்து நின்னவர் முதல்ல போவார். ஒரே நேரத்துல வந்தா, வலது பக்கம் இருக்கிறவருக்கு வழி விடணும். யாரும் ஹார்ன் அடிக்க மாட்டாங்க.

சிவப்பு சிக்னல்ல வலது பக்கம் திரும்பலாம். ஆனா முழுசா நின்னு, வழி விட்டு, அதுக்கப்புறம்தான். கூடாதுன்னு போர்டு இருந்தா கூடாது.

ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கு மின்னிக்கிட்டு நின்னா, நடுவுல தடுப்பு இல்லாத ரெண்டு லேன் ரோட்டுல எதிர்ப்பக்கம் வர்ற வண்டியும் நிக்கணும்.

ரெண்டு லேன் மலைரோட்டுல நீங்க மெதுவாப் போய், பின்னாடி அஞ்சு வண்டி சேர்ந்துட்டா, ஒதுங்குறதுக்குன்னு விட்டிருக்கிற இடத்துல ஒதுங்கி வழி விடணும். அங்க இது சட்டம்.

திருத்தின பிளான்

மறுபடி போனா இப்படித்தான் போடுவேன். அடிப்படை ஒண்ணுதான். நாலு நாள்ல உடம்பு அமெரிக்க நேரத்துக்கு மாறாது. அதனால டிரைவிங்கை இந்திய நேரத்தை வச்சு பிளான் பண்ணணும். அங்க காலை 8 மணின்னா உடம்புக்கு ராத்திரி 8:30, மதியம் 12-ன்னா 12:30. நம்ம வழக்கத்துல முழிச்சிருக்கிற நேரம்தான். அங்க 3 மணியில இருந்து 6 மணி வரைக்கும் உடம்புக்கு விடியக்காலை. அந்த நேரத்துல வண்டி பார்க்கிங்ல இருக்கணும்.

முதல் நாள்: கார் கிடையாது. ஏர்போர்ட்டோட இன்டர்நேஷனல் டெர்மினல்லயே பார்ட் ரயில் நிலையம் இருக்கு. ஊருக்குள்ள போக அரைமணி நேரம். தூக்கம் தாங்கலைன்னா அலாரம் வச்சு அரைமணி நேரம் மட்டும் படுங்க. வெளிச்சத்துல கொஞ்சம் நடங்க. உடம்புக் கடிகாரத்தை நகர்த்துறதுல பெரிய பங்கு வெளிச்சத்துக்குத்தான். ராத்திரி 8, 9 மணிக்குத் தூங்கிடுங்க. விடியக்காலை 3 மணிக்கு முழிப்பு வரும், பயப்பட வேணாம். அப்போ உடம்புக்கு மதியம் 3:30.

ரெண்டாம் நாள்: ஊருக்குள்ள இருக்கிற கிளையில காலையில கார். ஒரு நாள் வாடகையும் ஹோட்டல் பார்க்கிங் காசும் மிச்சம். கடலோர ஹைவே 1 வழியா சான்டா குரூஸ் வரைக்கும் சுமார் 120 கி.மீ. மட்டும். வழியில டாம் லான்டோஸ் சுரங்கப்பாதை வரும். அந்த மலைச்சரிவுல ரோடு திரும்பத் திரும்பச் சரிஞ்சதால, மலையைக் குடைஞ்சு 2013-ல திறந்தாங்க. சிவில் ஆளுங்க பார்க்க வேண்டிய இடம். அடுத்து 1872-ல விளக்கேத்தின பிஜன் பாயின்ட் கலங்கரை விளக்கம். மதியம் 1 மணிக்குள்ள சான்டா குரூஸ், அதோட வண்டி ஆஃப்.

மூணாம் நாள்: காலையில கிளம்பினா மான்டரே 70 கி.மீ. அங்கிருந்து இன்னும் சுமார் 30 கி.மீ. தெற்கே போனா பிக்ஸ்பி பாலம், 1932-ல கட்டி முடிச்ச கான்கிரீட் வளைவுப் பாலம். பார்த்துட்டு அதே வழியில மான்டரே திரும்பிடுங்க. தெற்கே ரோட்டை முழுசா முடிச்சு லாஸ் ஏஞ்சல்ஸ் போகலாம்னு ஆசை வரும். அந்த ரோடு அடிக்கடி மலைச்சரிவுல மூடுற ரோடு. 2017 மே மாசம் மட் கிரீக்ல சரிஞ்ச இடம் 2018 ஜூலைலதான் திறந்துச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸ் தளத்துல ரோடு நிலவரம் பாருங்க. பிக் சர் பக்கம் மொபைல் சிக்னல் பல இடத்துல கிடையாது, மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க.

நாலாம் நாள்: காலை ஆபீஸ் டிராஃபிக் குறைஞ்சதும் 101 வழியாத் திரும்புங்க. மதியத்துக்குள்ள காரை விட்டுடுங்க.

பழைய பிளான்ல இருந்த எல்லா இடமும் இதுலயும் இருக்கு. குறைஞ்சது இறங்கின அன்னைக்கு ஓட்டின அந்த ரெண்டு மணி நேரம் மட்டும்தான்.

காகித வேலை

இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டுக்கு பரிவாகன் தளத்துல ஃபார்ம் 4ஏ. கட்டணம் 1000 ரூபாய், செல்லுபடி ஒரு வருஷம். இது தனி லைசென்ஸ் இல்ல, ஒரிஜினல் லைசென்ஸையும் சேர்த்தே எடுத்துட்டுப் போகணும். எல்எல்ஆர் வச்சிருக்கிறவங்களுக்குக் கிடைக்காது.

நம்ம வயசுல இன்னொரு தடை. அங்க பெரும்பாலான வாடகைக் கம்பெனிகள் 25 வயசுக்குக் கீழ இருந்தா தினமும் கூடுதல் கட்டணம் போடும். அதைப் பார்த்துட்டு நான் பெர்மிட்டே எடுக்கலை. ஓட்ட ஒரே ஆள் அப்பான்னு ஆச்சு. அந்தக் காசை மிச்சம் பிடிச்சது என்னோட ரெண்டாவது தப்பு. முடிஞ்சா ரெண்டு டிரைவர் பேரைச் சேருங்க.

கிரெடிட் கார்டு ஓட்டுறவர் பேர்ல இருக்கணும், டெபாசிட்டுக்குப் பணம் பிடிச்சு வைப்பாங்க. இன்ஷூரன்ஸ்ல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு: அவங்க காருக்கு ஆகுற சேதம், அடுத்தவங்களுக்கு ஆகுற சேதம். ரெண்டும் சேர்ந்திருக்கான்னு புக் பண்ணும்போதே படிச்சுடுங்க. கவுண்டர்ல தூக்கக் கலக்கத்துல படிச்சா எல்லாத்துக்கும் கையெழுத்துதான்.

திரும்பி வரும்போதும்

இதே கணக்கு சென்னை ஏர்போர்ட்டுக்கும் பொருந்தும். வெளிநாட்டு ஃப்ளைட் நிறைய நடுராத்திரியில இறங்குது. வெளியே சொந்த ஊர்க் கார் காத்திருக்கும், அப்படியே திருச்சிக்கோ மதுரைக்கோ கிளம்பிடுவோம். கூட்டிட்டுப் போக வந்த மாமாவும் பகல் முழுக்க முழிச்சு, வண்டி ஓட்டி வந்து, ராத்திரி முழுக்க நின்னவர்தான். ஒரு லாட்ஜ் ரூம், ஆறு மணி நேரத் தூக்கம், காலை டிபன், அப்புறம் கிளம்பலாம்.

அன்னைக்கு கில்ராய்ல முதல் எக்ஸிட்ல இறங்கி, கண்ல பட்ட மோட்டல்ல ரூம் போட்டோம். மான்டரே ஹோட்டல் காசு போச்சு. அப்பா ஷூவைக் கூடக் கழட்டாம படுத்து பத்து மணி நேரம் தூங்கினார். எழுந்ததும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் என்னைப் பார்த்து, "நான் தூங்கித்தான் போயிருக்கேன் போல"ன்னார்.

அக்காவோட விழாவுல நாங்க மூணு பேரும் உட்கார்ந்து கை தட்டினோம். அடுத்த தடவை பிளான் போடும்போது இறங்குற நாளுக்கு எதிர்ல கார்ங்கிற கட்டத்தைக் காலியா விடுவேன். நீங்களும் விடுங்க.